பயிற்சி பெற்றவர் பை மாற்றலாகாது

பெரிய ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் அங்கே ஆறாத புண்ணோடு கிடப்பவர்களும் இருப்பார்கள். குடலில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றிலேயே ஒரு திறப்பு வைத்து, அதன்மேல் பை ஒட்டப்பட்டவர்களும் இருப்பார்கள். அடக்க முடியாமல் படுக்கையை நனைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்கக் கூசிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்களும் இருப்பார்கள். இந்த மூன்று வகையினரையும் நிர்வாகம் நெடுங்காலம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் படிப்புப் படித்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கண்காணிப்பாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நமக்கும் ஒரு நிபுணர் வேணும்" என்றார்.

அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நர்ஸ் இருந்தார். எந்தப் புண்ணைத் திறந்தாலும், எந்தப் பையைக் கழற்றினாலும் அவர் முகம் மாறாது. அதனால் நோயாளிகள் அவரைச் 'சுளிக்காத சிஸ்டர்' என்பார்கள். மற்ற நர்ஸ்கள் "மலம், மூத்திரப் படிப்பா? கல்யாண வீட்டுல என்ன படிச்சீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று நழுவிவிட, சுளிக்காத சிஸ்டர் ஆசையோடு போனார். ஒரு வருஷம் படித்தார். புண் ஏன் ஆறவில்லை என்று பார்த்த பார்வையில் சொல்லவும், பை ஒழுகாமல் ஒட்டவும், அடக்க முடியாதவர்களுக்குத் தசைப் பயிற்சி சொல்லித்தரவும் கற்றுக்கொண்டு, எப்போது வார்டுக்குள் நுழைவோம் என்று கை பரபரக்கத் திரும்பி வந்தார்.

கண்காணிப்பாளர் பூங்கொத்து கொடுத்து வரவேற்றார்.

"இனிமே நீங்க வார்டு பக்கம் போகக் கூடாது, சிஸ்டர்."

"ஏன் சார்?"

"நீங்க நிபுணர்."

"அதுக்குத்தானே சார் படிச்சேன்?"

"யோசிச்சுப் பாருங்க. புண்ணைத் துடைக்க யார் வேணும்னாலும் துடைக்கலாம். புண்ணைத் துடைக்கப் படிச்சவங்க நம்மகிட்ட ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரையும் துடைக்க விட்டுட்டா, வர்றவங்ககிட்ட நிபுணர்னு யாரைக் காட்டுறது?"

சிஸ்டருக்கு வார்டு கிடைக்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை கிடைத்தது. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு வயிறும் கிடைத்தது. வாசலில் பலகை மாட்டினார்கள்: 'காயம், வயிற்றுத் திறப்பு மற்றும் அடக்கவியல் மேம்பாட்டுச் சிறப்பு மையம்'.

அப்போது வார்டில் ஒரு தையல்காரர் இருந்தார். குடலில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, வயிற்றில் பையோடு படுத்திருந்தார். ஒட்டிய பை ஒட்டிய வேகத்தில் கழன்றது. ஒழுகி ஒழுகிச் சுற்றியிருந்த தோல் வெந்துபோய்விட்டது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று மனுஷன் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, காவலாளி அசந்த நேரத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"சிஸ்டர், நீங்க இதுக்குன்னே படிச்சவங்களாமே. எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் வந்து பாருங்க. பட்டினி கிடந்தே போயிடுவார் போல இருக்கு."

சிஸ்டர் சட்டென்று எழுந்தார். கண்காணிப்பாளர் எதிரே வந்து நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"வார்டுக்கு சார். பை ஒழுகுதாம்."

"அது சிகிச்சை. இது பயிற்சி மையம். சிகிச்சை வேற பிரிவு."

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி சார். பயிற்சியே நடத்துறேன். பாடத்துக்கு ஒரு நோயாளி வேணும். அவரைக் கூப்பிட்டுக்கலாமா?"

"தாராளமா. நேரடி நோயாளி இருந்தா போட்டோவும் நல்லா வரும். ஆனா கை வைக்கிறது பிளாஸ்டிக் வயித்துலதான் இருக்கணும்."

அப்படியே நடந்தது. தையல்காரர் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒழுகிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் வயிற்றுக்குப் பை மாற்றப்பட்டது. அதில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று அறிக்கை போனது. மேலிடம் மகிழ்ந்து, எல்லா நர்ஸ்களுக்கும் பயிற்சி தர உத்தரவிட்டது. பயிற்சி முடித்த நர்ஸ்கள் எல்லாரும் பயிற்றுநர்கள் ஆனார்கள். பயிற்றுநர் ஆனவரைப் படுக்கை விரிப்பு மாற்றச் சொல்வது மரியாதை இல்லை என்பதால் அவர்களும் வார்டுக்குப் போகவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே! ஆயாக்களைக் கூப்பிட்டார்கள். பிறகு குமாஸ்தாக்களை. பிறகு லிப்ட்காரரை. படுக்கைப் புண் வராமல் நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று எல்லாரும் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, வார்டில் புரட்ட ஆளில்லாமல் நோயாளிகளுக்கு முதுகில் புண் வந்தது. சிறுநீரை அடக்கும் தசைகள் பற்றிய வகுப்பு இடைவேளையே இல்லாமல் நடந்ததால், செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

சுளிக்காத சிஸ்டர் மட்டும் ஒரு காரியம் செய்தார். பாடம் நடத்தும்போது முன்வரிசையைப் பார்க்காமல், கடைசி வரிசையில் புருஷனுக்காகக் காத்திருந்த தையல்காரர் மனைவியைப் பார்த்தே பேசினார். "வெறும் தண்ணியில கழுவுங்க. ஈரம் போக ஒத்தி எடுங்க. திறப்பை அளந்துட்டு, ஒட்டுற வட்டத்துல அதைவிட ஒரு நூல் பெருசா ஓட்டை வெட்டுங்க. பெருசா வெட்டினா தோல் வெந்துடும். ஒட்டினதும் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் மேலேயே வெச்சிருங்க. சூட்டுல நல்லாப் பிடிச்சுக்கும்."

அவள் புருஷனைக் குளியலறைக்கு அழைத்துப்போய் அப்படியே செய்தாள்.

"இத்தனை நாளா அளவே எடுக்காமலா வெட்டினாங்க?" என்றார் தையல்காரர். "அப்படி வெட்டினா சட்டையே உட்காராதே!"

பை கழலாமல் நின்றது. அன்றைக்கு ராத்திரி அவர் வயிறாரச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில் என்று எல்லாரும் "அம்மா, எனக்கும் கொஞ்சம் பாரும்மா" என்று அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் பார்த்தாள்.

கடைசியில் மையத்தைப் பாராட்ட உயர் அதிகாரி வந்தார். கூடம் நிறையப் பயிற்றுநர்கள், ஆளுக்கொரு பேட்ஜ். நேரடி நோயாளியாக ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே தபால்காரரின் பை பிய்த்துக்கொண்டது. வாடை மேடைவரை வந்தது. தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பயிற்றுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க பண்ணுங்க. நான் மேற்பார்வை பார்க்கிறேன்."

"மேற்பார்வைதான் என் வேலை. நீங்க பண்ணுங்க."

சிஸ்டர் மேடையிலிருந்து இறங்கினார். "மேடையில இருக்கறவங்க இறங்கக் கூடாது!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்காணிப்பாளர் கிசுகிசுத்தார். "விடுங்க சார்" என்று சிஸ்டர் போய் மண்டியிட்டுப் பழைய பையைக் கழற்றினார். தையல்காரர் மனைவியும் ஓடிவந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், துடைத்தாள், வெட்டினாள், ஒட்டினாள். அதிகாரி அசந்துபோய் அவளைக் கேட்டார்:

"நீங்க எந்த பேட்ச்?"

"பேட்ச் எல்லாம் இல்லைங்க. பெண்டாட்டி."

கூடம் கைதட்டியது. அதிகாரி மேடையிலேயே புதிய திட்டம் ஒன்றை அறிவித்தார்: குடும்பத்தாரே பயிற்றுநர். அனுமதியின்றி நோயாளியைத் தொட்ட குற்றத்துக்காகச் சுளிக்காத சிஸ்டரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. நிபுணரைத் தண்டிக்க விதி இல்லாததால் பதவி உயர்வு கொடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் நோயாளி என்று ஒருவர்கூடக் கிடையாது. போகும்போது அவர் தையல்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது விட்டுடாதீங்க" என்றார்.

அவளும் விடமாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் முதன்மைக் குடும்பப் பயிற்றுநர் என்று பேட்ஜ் குத்தி, சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சீக்கிரத்திலேயே வார்டுக் கூப்பாட்டுக்கு, "எனக்கு கிளாஸ் இருக்கு, அங்கே வந்து உட்காருங்க" என்று பதில் சொல்லப் பழகிவிட்டாள். ஒருநாள் வீட்டில் புருஷன் "இந்தப் பையைக் கொஞ்சம் பாரேன்" என்றதற்கு, "எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், என்னைப் போய் இதைச் செய்யச் சொல்றீங்களே!" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். அளவெடுக்கத் தெரிந்தவர்தானே, தன் பையைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டார். நன்றாகவே நின்றது. தையல் கடைக்குப் பின்னால் ஒரு திரை கட்டி, தேடி வந்தவர்களுக்கும் செய்துவிட்டார். தபால்காரரும் வந்தார். வந்தபோது ஒழுகிக்கொண்டிருந்தவர், போகும்போது உலர்ந்து, நிமிர்ந்து, சிரித்த முகமாக இருந்தார். வாசல்வரை போனவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தம்பி, உங்க பேட்ஜ் எங்கே?"

"இல்லைங்க ஐயா."

"சர்டிபிகேட்டாவது?"

"அதுவும் இல்லை."

தபால்காரர் முகம் வெளிறிவிட்டது. "அடப்பாவி! ஒண்ணும் இல்லாத ஆள்கிட்டயா நான் வயித்தைக் காட்டினேன்?" என்று அங்கேயே சட்டையைத் தூக்கி, நன்றாக ஒட்டியிருந்ததைப் பிய்த்து எறிந்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தார்.

இப்போது அவர் தெருவில் நடந்தால் எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள். சட்டையின் கீழ்ப்பாதி எப்போதும் நனைந்திருக்கிறது. மேல்பாதியில் பேட்ஜ் பளபளக்கிறது.