மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு சைக்கிள் ஃபிரேம்

ஆம்பூர்,
வியாழக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஜான்சன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஹெலனின் வீட்டுக்காரன் தானியேல் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நாட்றம்பள்ளியில் நீங்களும் அக்காவும் தேவ கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஹெலன் நலம், மெர்சி நலம், நான்தான் நலமாக இல்லை. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்கள் போன் என்றாலே உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், போட்டால் கல்யாணப் பெண் மெர்சியும் கேட்பாள். அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை ஜீவாவைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பாகாயத்தில் நல்ல வேலை, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது, வரதட்சணை என்று கேட்டது ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பைத்தியம், சைக்கிள். விடுமுறை என்றால் ஏலகிரி மலையை மிதித்தே ஏறுகிறார். பஸ் இருக்கும்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை, கல்யாணம் முடிகிறவரை எதையும் கேட்பதில்லை என்று வைத்திருந்தேன். அவர் போன மாதம் வேலூரில் ரஷீத் அஹமது பாயின் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சைக்கிள் ஃபிரேமை வாங்கிவந்தார். சக்கரம் கிடையாது, சீட் கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது, வெறும் எலும்புக்கூடு. இரும்புதான், ஆனால் ஒரு விரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு. அந்தக் காலத்தில் ரேஸ் ஓட்டின வெளிநாட்டு வண்டியாம். ஸ்டிக்கர் எல்லாம் உரிந்துபோனதால் எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. “இதோட பூர்வீகத்த கண்டுபிடிச்சே தீரணும் மாமா” என்றார். பெண் கொடுப்பதற்கு முன் நாம் அவருடைய பூர்வீகத்தை விசாரித்ததைவிட ஜாஸ்தியாக அவர் அந்தக் குழாய்களை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் ரூமில் வெள்ளையடிக்கிறார்கள் என்று ஃபிரேமை நம் வீட்டு ஹாலில் சாய்த்துவிட்டு, “பத்திரமா பார்த்துக்குங்க மாமா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அங்கேதான் மச்சான் எனக்குச் சனியன் பிடித்தது.

நான் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பார்த்தே தலை நரைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கீறலைப் பார்த்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு தோலில் தெரிந்தால் தோல் வாங்குகிற பையர் முகத்தைச் சுளிப்பான், அதனால் நாங்கள் அதைத் தேய்த்துச் சமன்பண்ணி மேலே கலர் அடித்து அழகாக அனுப்புவோம். இந்த ஃபிரேமில் கீறாத இடம் இல்லை. மேலே கறுப்பு, அது உரிந்த இடத்தில் பச்சை, அதற்கும் கீழே வெளிறின நீலம். குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் எவனோ இலை மாதிரி வெட்டி ஒட்டுப்போட்டிருந்தான். கவிழ்த்துப் பார்த்தால், பெடல் மாட்டுகிற இடத்துக்கு அடியில், பெயிண்ட் அடைத்துக்கொண்டு ஏதோ எழுத்தும் நம்பருமாக அச்சு அசல் சூடு போட்ட தழும்பு. மாப்பிள்ளைக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. ஸ்ப்ரே பட்டறை மஹபூப் பாஷாவிடம் கொண்டுபோனேன். இலைகளைப் பட்டி வைத்துச் சமன்பண்ணினோம், தழும்பைக் கிரைண்டர் போட்டு வழவழவென்று எடுத்தோம், மேலே தோல் மாதிரி நல்ல டான் கலர் அடித்துப் பாலிஷ் ஏற்றினோம். எக்ஸ்போர்ட் ஷூ தோற்றுவிடும் மச்சான், அப்படி ஒரு பளபளப்பு.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மெர்சியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “அதுல எல்லாம் போய்டுச்சாம்பா, அடியில இருக்கற நம்பர் ஒண்ணுதான் மிச்சமாம். போட்டோவுல சரியா தெரியலையாம். பெங்களூர்ல இருந்து ஒருத்தர் சனிக்கிழம வந்து மருந்து போட்டு சுத்தம் பண்ணிப் படிக்கப் போறாராம். அந்த நம்பர்தான் அதோட ஞானஸ்நான சர்டிபிகேட்டுன்னு சொல்றாரு. அந்த நீலக் கலர்கூட ஒரு அடையாளமாம்” என்றாள். செம்புத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். ஹெலன், “ஏங்க, காரமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

விடிந்ததும் பாஷாவிடம் ஓடினேன். எடுத்த இடத்தில் ஒரு நம்பர் அடித்துக் கொடுக்கச் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இன்னா அண்ணே, நம்பர அழிச்சுட்டு வேற நம்பர் அடிக்கறது திருட்டு வண்டிக்குப் பண்ற வேல. கோயில்ல முன்னாடி உக்கார்றவர் நீங்க” என்றான். இருந்தாலும் நல்ல தோஸ்த் என்பதால் நம்பர் அடிக்கிற இரும்பு அச்சை எடுத்துச் சுத்தியலையும் ஓங்கிக்கொண்டு, “சீக்கிரம் சொல்லு, இன்னா நம்பர்?” என்று அதட்டினான். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அதட்டின அதே அதட்டல். வாய் தானாக “ரெண்டாயிரத்து எழுநூத்திப் பதினாலு” என்றது. அடித்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன். நேர் மேலே சுவரில், ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் கொடுத்த ஷீல்டு. தானியேல், டோக்கன் நம்பர் 2714, பொன் எழுத்தில்.

ஷீல்டைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். உள்ளே வருகிறேன், ஷீல்டு சுவரில் தொங்குகிறது! உங்கள் தங்கைதான். “கல்யாண வீட்ல சொவத்துல வெறும் ஆணி இருந்தா நல்லாவா இருக்கு? ஒங்களுக்கு இன்னா புத்தி, அரிசியில போய் வெச்சிருக்கீங்க?” என்று மாப்பிள்ளை எதிரிலேயே கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு அது காதில் விழவில்லை. அவர் ஃபிரேமைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்த நம்பரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. என்னை ஒருமுறை பார்த்தார், வாசலை ஒருமுறை பார்த்தார், “வர்றேன் மாமா” என்று போய்விட்டார். டீ போட்டு வைத்தது அப்படியே ஆறிப்போனது. நேற்றிலிருந்து மெர்சி போன் பண்ணினால் எடுப்பதில்லை.

மச்சான், சபையில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவதும் கடைசியும். ஜீவாவுக்கும் மெர்சிக்கும் நிச்சயித்திருக்கிற விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டானால் தெரிவிக்கவும் என்று ஆயர் வாசிக்கும்போது, மாப்பிள்ளையே எழுந்து நின்று, “எனக்கு உண்டு ஐயா, என் மாமனார் நம்பர் மாத்தறவர்” என்று சொல்வதுபோல் எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. மெர்சி அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். என்னால் அவள் கல்யாணம் நின்றால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? வரனைக் கொண்டுவந்தவர் நீங்கள், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இதைப் பார்த்த உடனே பாகாயம் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தானியேலுக்கு வயதாகிவிட்டது, சூடு என்று நினைத்துத் தேய்த்துவிட்டான், திருடன் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவர் முன்னால் நின்று சொல்லத் தைரியம் இல்லை. தங்கைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் நான் இந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலிக்காகவும் ஜெபிக்கிறேன், ஆனால் சனிக்கிழமைவரை என் காரியத்தை முதலில் ஜெபத்தில் வையுங்கள்.

கர்த்தருடைய ஊழியனும் உங்கள் மச்சினனுமாகிய,
தானியேல்

பி.கு.: மேலே எழுதினபடி எதுவும் செய்ய வேண்டாம். பாகாயம் போகவே வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டு கீழே இறங்கினால் வாசலில் மாப்பிள்ளை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், “மாமா, போலீஸ் வந்தாங்களா?” என்றார். எந்த போலீஸ் என்றேன். “மறைக்காதீங்க மாமா. அது திருட்டு வண்டின்னு தேடி வந்திருப்பாங்க, என்ன காப்பாத்தத்தான நம்பர அழிச்சு வேற நம்பர் அடிச்சு கலரையும் மாத்துனீங்க? பில் இல்லாம வாங்கினது என் தப்புதான். இத மனசுல வெச்சுட்டு மூணாவது ஓல அன்னிக்கு நீங்க எழுந்து நின்னு பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு நேத்துலருந்து நான் தூங்கல” என்றார். நான் அவருக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, மாட்டுச் சூட்டிலிருந்து அரிசி டிரம்வரை ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டேன். “வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் மாமா. அது எந்த ஊர்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, “விடுங்க மாமா. எவனாவது கேட்டா ஆம்பூர்னு சொல்லிடறேன். டோக்கன் நம்பரே இருக்குதே” என்று சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், நேற்று ஆறவிட்ட டீக்குப் பதிலாக ஹெலன் புது டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தார். இவ்வளவு எழுதின கடிதத்தைக் கிழிக்க மனசு வராததால் அனுப்புகிறேன், படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்து எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்காருங்கள். தடை உண்டா என்று ஆயர் கேட்கிற நேரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துத் தொலைப்போமோ என்று இப்போது அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.