ஐஸ் பெட்டிக்கு வேட்டி கட்டிய டிகிரி

ஜவ்வாது மலைக் காற்றுக்கே சூடு, குளிர் பற்றிப் பாடம் எடுத்தவர் எங்கள் டிகிரி. படித்து வாங்கிய டிகிரி இல்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர். வாயைத் திறந்தால் இத்தனை டிகிரி, அத்தனை டிகிரி. எண்பதுகளில் நான் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. அவர் தடுப்பூசி மருந்துக்குப் பொறுப்பு.

டீ வந்தால் உடனே குடிக்க மாட்டார். தெர்மாமீட்டரைக் கடைக்கு வெளியே நீட்டுவார். "டீ எவ்ளோ சூடுன்றது பாதிக் கணக்குதான்பா. சுத்தி இருக்கிற காத்து எவ்ளோ சூடுன்னு தெரிஞ்சாத்தான் எப்ப ஆறும்னு சொல்ல முடியும்." சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும். கணக்கு சரியாக வந்த திருப்தியோடு குடிப்பார்.

ஒரு சித்திரையில் போளூரிலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்தோடு ஜீப்பில் திரும்பினோம். மேலே ஓர் ஊரில் எங்கள் நர்ஸும் தாய்மார்களும் காத்திருந்தார்கள். முந்தின வருஷம் கக்குவான் இருமல் அங்கே இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது. அடிவாரத்தில் ஜீப் நின்றுவிட்டது. தார் இளகும் வெயில்.

டிரைவர் நிதானமாகப் பீடி பற்றவைத்தார். "இன்னாத்துக்கு சார் பதர்றீங்க? பெட்டி மூடித்தான கீது. உள்ள ஐஸு ஜில்லுனு கீது."

"யோவ், வெளிய எவ்ளோ சூடோ அவ்ளோ வேகமா உருகும்யா! மேல போய்ட்டா தாங்கும். இங்கியே நின்னா தண்ணிதான்!"

அடுத்த நிமிஷம் டிகிரி வேட்டியை அவிழ்த்தார். பக்கத்துக் கிணற்றில் நனைத்துப் பெட்டிக்குச் சுற்றிவிட்டார். கோடு போட்ட டிராயரோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புளியமர நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார்.

ஒருவழியாகப் பஸ் வந்தது. கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் கோலம் இது? பெட்டிய என்ஜின் மேல வைங்க, எடம் கீது."

"என்ஜின் மேலயா? அதுக்கு நேரா அடுப்புலயே வெச்சிடுய்யா!"

பின்படியில், காற்றுப் படும் இடமாகப் பார்த்துப் பெட்டியை அணைத்தபடியே மலையேறினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

ஊரில் இறங்கிப் பெட்டியைத் திறந்தோம். ஐஸ் கொட்டைப்பாக்கு அளவுக்கு மிச்சம். தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "கெடலைங்க, போடலாம்ங்க" என்றார் நர்ஸ். வரிசையாகக் குழந்தைகள் வீறிட்டன.

டிகிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிராயர் வெட்கம் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அழட்டும்பா" என்றார்.

என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டேன்.