பத்தடி உயரத் தங்கச்சி

அன்புள்ள தங்கை குள்ளிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பது கடித முறை, அதனால் கேட்டுவிட்டேன். நாற்பத்தோரு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. மயில் சன்னல் விஷயம்தான்.

மறந்துவிட்டேன் என்று நடிக்காதே. நாம் இரண்டு பேரும் பெருக்கித் துடைத்த மாளிகையில், மாடிப்படிக்கு மேலே, வண்ணக் கண்ணாடியில் மயில் வைத்த சன்னல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு உடைந்தது. உன் கையில் ஒட்டடைக் கம்பு இருந்தது. மேற்பார்வை மீசைக்காரரோ என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீ அங்கேயே பன்னிரண்டு வருடம் குஷாலாகப் பெருக்கினாய்.

இப்போது அந்த மாளிகையில் கூரைகூட இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஓவியர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் தரும் பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்த இடிபாட்டில் நின்றால் பழைய மாளிகை அப்படியே எழுந்து நிற்கிறது, தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. சன்னலுக்குப் படம் இல்லை என்று என்னைத் தேடி வந்தார்கள். தோகையில் பத்தொன்பது கண், மேல் ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு, அதன் இடுக்கில் எப்போதும் தூசி என்று சொன்னேன். அந்த ஓவியர்களின் தலைவி வாயைப் பிளந்தாள். பாதித் தலையை மழித்த பெண், அதனால் நான் அவளை அரைமொட்டை என்றுதான் கூப்பிடுவது.

"மத்த நிறமெல்லாம் அப்புறம். முதல்ல என் தங்கச்சிய கம்போட அங்க நிக்க வை" என்றேன்.

"பாட்டி, கட்டடத்த மட்டுந்தான் காட்டுறோம், ஆளுங்க இல்ல."

"ஆளு இல்லாம சன்னல் தானா உடைஞ்சுச்சா? அவ இல்லன்னா மயிலும் இல்ல, போ!"

வழிக்கு வந்தாள். உன் உயரத்தையும் கம்பின் நீளத்தையும் கேட்டு ஏதோ தட்டினாள். "பாட்டி, கம்பு எட்டல. இன்னும் அஞ்சரை அடி வேணும்" என்றாள்.

"அப்ப அவள வளர்த்துவிடு."

"எவ்வளவு?"

"மயிலு எட்டுற வரைக்கும்."

திறப்பு விழாவன்று நகராட்சித் தலைவர் என் பக்கத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றார். மாடிப்படியில் நீ நின்றாய், பத்தடி உயரம், கொண்டை விளக்கில் இடிக்க, கையில் கம்பு. இத்தனை வருடக் கோபமும் பொங்கி, உன்னைப் பிடித்து உலுக்கப் பாய்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர், "யாருய்யா இந்த ராட்சசி?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "என் தங்கச்சிய ராட்சசிங்கிறியா?" என்று குரல் வந்த பக்கம் எட்டிப் பிடித்தேன். கையில் கிடைத்தது அவருடைய பெல்ட். மிச்சத்தை எழுத மாட்டேன். அவர் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே உரையை முடித்தார் என்பதோடு விடுகிறேன். உன்னை ராட்சசி என்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை.

ஆகவே சொல்ல வந்தது இதுதான். அந்த மாளிகையில் வேலை செய்தவர்களின் குரலையும் பதிந்து சேர்க்கப் போகிறார்களாம். நீ வந்து, "சன்னலை உடைத்தவள் நான், என் அக்கா நிரபராதி" என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. பெட்டி மாட்டுகிறவன் ஒவ்வொருவன் காதிலும் அது விழ வேண்டும். அதைக் கேட்காமல் நான் கண்ணை மூடுவதாக இல்லை.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன்னைப் போல் வளராமல் நின்றுவிடாமல்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அரைமொட்டை வந்தாள். "மேல் ஓரத்துத் தூசி கீழ இருந்து எப்படித் தெரிஞ்சுது பாட்டி?" என்று கேட்டாள். "நான்தானே ஏணியில ஏறித் துடைப்பேன்" என்றேன். "ஏணியா? சன்னல் உடைஞ்ச அன்னிக்கும் ஏறினீங்களா?" என்றாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன். மீசைக்காரர் சாவுக்கு நான் போகாதது இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. நீ குரல் கொடுக்க வேண்டாம், சும்மா வா. உன் சரியான உயரத்துக்கு அளவெடுக்க வேண்டுமாம். ஆனால் ஒன்று. அன்றைக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்க வேண்டியவள் யார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.