குறுக்கு அண்ணன் தொலைத்த பாதை

வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு பிழைப்பவர்களில், போன வழியே திரும்பி வரத் தெரியாத ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் குறுக்கு அண்ணன்தான். இதை நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, யாருக்கும் ஞாபகமில்லை. எங்கே போகச் சொன்னாலும், "ரோட்டால போனா சுத்துங்க, குறுக்கால போயிரலாம்" என்பார். தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையை எங்கள் பக்கத்தில் குறுக்கு என்போம். அண்ணன் குறுக்கில் இறங்கிவிட்டால், நாம் ரோட்டில் நடந்து போய், வேலையை முடித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பும்போது எதிரே வருவார். "நீங்க எந்த வழியா வந்தீங்க?" என்று நம்மையே சந்தேகமாகக் கேட்பார்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவில் வேலை பார்க்கிறேன். இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். அவர்களுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது. தார் ரோடு கூடாதாம். வாகனம் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாதாம். மலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் கிறவல் போட்ட மண் ரோட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டுமாம். பஸ் இல்லாத குறைக்கு நாங்கள் திட்டிக்கொண்டே நடந்த ரோட்டில் இவர்கள் காசு கொடுத்து மிதிக்கிறார்களே என்று எனக்குத் தலை சுற்றியது. அண்ணனுக்குச் சுற்றவில்லை.

"அந்த மாதிரி ரோடுதானே நம்மகிட்ட கொட்டிக் கெடக்கு" என்றார்.

அப்போது அவருக்குத் தோட்டத்தில் வேலை போயிருந்தது. மனைவி பாக்கியம் அக்கா கொழுந்து பறிக்கிறவர். "இந்த சைக்கிள் வேல சரி வந்தா இங்கயே இருங்க. வரலன்னா கொழும்புல என் தம்பி கடைக்குப் போயிருங்க" என்று முடிவாகச் சொல்லியிருந்தார். கொழும்பு என்றாலே அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்.

பாதையைப் பார்க்க, கொழும்பிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி மேடம் வந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். பாதை பிடித்துவிட்டால் மாதா மாதம் ஆட்கள் வருவார்கள், அண்ணனுக்கு நிரந்தர வேலை. மூன்று சைக்கிள். முன்னால் அண்ணன், நடுவில் மேடம், கடைசியில் நானும் என் முழங்கால் வலியும்.

எங்கள் பக்கத்தில் பாதைக்குப் பெயர் கிடையாது. தேயிலை மலைகளுக்கு நம்பர்தான், கல்லில் பெயின்டால் எழுதியிருக்கும். "அஞ்சாம் நம்பர் மலையில ஏறி எட்டாம் நம்பர்ல திரும்புனா நம்ம பங்களாதாங்க மேடம்" என்று அண்ணன் கிளம்பினார். ஐந்து வந்தது. எட்டு வந்தது. திரும்பினோம். பங்களா வரவில்லை, பைனஸ் மரக் காடு வந்தது. காடு முடிந்ததும் மறுபடியும் ஐந்தாம் நம்பர் மலை வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் விட்டுவந்த ஐந்து எப்படி முன்னால் வந்து நிற்கிறது? ஒவ்வொரு தோட்டத்திலும் நம்பர் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பனிமூட்டத்தில் எல்லையைத் தாண்டி அடுத்த தோட்டத்துக்குள் புகுந்துவிட்டோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அண்ணனோ அதை எங்கள் ஐந்து என்றே நம்பி, அடுத்து எட்டைத் தேடினார். அந்தத் தோட்டத்திலும் ஓர் எட்டு இருந்தது. அது எங்களை மூன்றாவது தோட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளியது.

வழி கேட்க, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு லயம் நின்றோம். நின்ற இடத்தில் எல்லாம் உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்தார்கள், ஓரிடத்தில் ரொட்டியும் சம்பலும் கூட. வழியை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். மேடத்தின் போன் ஓடையில் விழுந்து செத்தது. அட்டைகள் என் இரண்டு கால்களிலும் விருந்து சாப்பிட்டன. பொழுது சாயும் நேரத்தில் ஒரு சமையல்கட்டுப் பக்கமாக ஏறி வந்தோம். வாசலில் நின்ற சமையல்காரரிடம் அண்ணன், "இது யாரு பங்களாங்க?" என்று கேட்டார். எங்கள் பங்களாதான்.

வேலை போயிற்று என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். "ஒரு வாகனம்கூட இல்ல. இவ்வளவு நல்ல பாதைய நான் பாத்ததே இல்ல. லயத்துக்கு லயம் தேத்தண்ணி ஏற்பாடு பண்ணினீங்களே, அது இன்னும் நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் ஆறு பேர் வர்றாங்க. இதே பாதை" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சைக்கிளைப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்கத் தேடினோம்.

"அஞ்சு, எட்டு, காடு, மறுபடி அஞ்சு, எட்டு. அவ்வளவுதான தம்பி?"

"எந்தத் தோட்டத்து எட்டுண்ணே?"

"எட்டுன்னா எட்டுதான?"

கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். "அன்னைக்குத் தொலைஞ்ச மாதிரியே தொலையணும் தம்பி. ஒண்ணும் யோசிக்காம மிதிப்போம்." யோசிக்காமல் மிதித்தோம். சைக்கிள் ஒரு திருப்பம்கூடத் தப்பாமல் நேரே பங்களா வாசலில் கொண்டுவந்து விட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வழி தப்பாமல் வந்த மனிதர், வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொன்ன நாளில் ஆறு வெள்ளைக்காரர்களும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். "ஏதாவது ஒரு பாதையில கூட்டிட்டுப் போங்கண்ணே, மேடத்துக்கு என்ன தெரியப் போகுது" என்று நான் காதோடு சொன்னேன். அண்ணன் தலையாட்டிவிட்டு நேரே மேடத்திடம் போனார்.

"மேடம், அந்தப் பாதை எனக்குத் தெரியாதுங்க. அன்னைக்கு நாம தொலைஞ்சு போயிட்டோம். தேத்தண்ணியும் நான் ஏற்பாடு பண்ணலங்க. வழி கேட்டோம், ஒக்காரச் சொன்னாங்க."

மேடம், "நீங்க வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே?" என்றார்.

"பயத்துலங்க."

அவர் கோபப்படவில்லை. ஆனால் வழிகாட்டிக்கே தெரியாத பாதையில் ஆட்களை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்வதும் நியாயம்தானே. ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு வேன் நுவரெலியாப் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்கு விடியற்காலையில் ஒரு பஸ்தான். திங்கட்கிழமை அண்ணன் பையோடு புறப்பட்டார். பாக்கியம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார். ரோட்டு வளைவு வரை நானும் கூட நடந்தேன். ரோட்டால் போனால் பஸ் நிற்கிற இடம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அண்ணன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"ரோடு சுத்து தம்பி. குறுக்கால எறங்கிர்றேன்."

மத்தியானம் தொப்பலாக நனைந்து லயத்துக்குத் திரும்பி வந்தார். பஸ் போய்விட்டதாம். மலையிலிருந்து சாப்பிட வந்த அக்கா இரண்டு தட்டை எடுத்து வைத்தார். காலையிலேயே இரண்டு பேருக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார்.

நாளைக்குப் போகிறேன் என்று அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இடையில், எங்கள் பங்களாவில் தங்குகிறவர்களை, வழி தப்பும் என்று முன்கூட்டியே சொல்லி, சைக்கிளில் கூட்டிப் போகிறார். கடைசி சைக்கிள் இப்போதும் என்னுடையதுதான்.

அன்றைக்கு அவர் இறங்கிய குறுக்கு, கொஞ்சம் கீழே தேயிலைக்குள் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் பஸ். வலது பக்கம் போனால் ஆற்றங்கரை. அண்ணன் வலது பக்கம் திரும்பியதை நான் வளைவில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.