பதினாலாம் நம்பர் துண்டில் ஏதோ இருக்கிறது

உள்ளே விட்ட கம்பு திரும்பி வரவில்லை.

கடிகாரக்காரர் இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்தும் ஒரு இழுப்பு வந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். கம்பு அவர் கையிலிருந்து வழுக்கி, இலைகளுக்குள் போய் மறைந்தது. வெடுக்கென்று போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஆனால் அது நிதானமாகப் போனது.

ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த வெற்று நிலத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு சங்கம் கொடுத்திருந்தது. பதினாலாம் நம்பர் துண்டு கடிகாரக்காரருடையது. கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். கோடை வெயிலில் எல்லாம் கருகிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு அப்படி ஒரு நல்ல காலம் வாய்க்கவில்லை. போகும்போது குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தார். அது இரண்டு மாதமும் வினாடிக்கு ஒரு சொட்டு, பிசகாமல் சொட்டியிருந்தது. அவர் பழுது பார்த்த எந்தக் கடிகாரமும் அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

அதனால் பதினாலாம் நம்பர் துண்டு காடாகிவிட்டது. வெண்டை ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. தக்காளிச் செடி எது, களை எது என்று அவற்றுக்கே மறந்துபோயிருந்தது. பூசணிக்கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்துத் துண்டுக்காரரின் சைக்கிளைச் சுற்றி வளைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்திருந்தது. சைக்கிளுக்குச் சொந்தக்காரரான ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று வாரமாக நடந்தே வருவதாகக் கேள்வி.

"கம்பைப் புடுங்கிடுச்சு" என்றார் கடிகாரக்காரர்.

"பாத்தேன் அண்ணே" என்றார் கண்டக்டர். "மூணு நாளா உள்ள ஏதோ நடமாடுது. நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க."

"பதினோரு மணிக்கு அளவெடுக்க வர்றாங்களே."

"வரட்டும். உள்ள மிருகம் இருக்குன்னு சொல்லிடுங்க."

"சொன்னா நிலம் போச்சு. வாசல்ல போர்டே இருக்கு, விலங்குக்கு அனுமதி இல்லைன்னு."

அளவு என்பது முழங்கால் அளவு. கோடையில் ஒரு நாள் சங்கத்துச் செயலாளர் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இறங்கி நடுவில் நிற்பார். களை அவர் முழங்காலைத் தாண்டியிருந்தால் நிலம் பறிபோகும், வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். செயலாளர் குள்ளமான மனிதர். அவருடைய முழங்கால் தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. மறுபடி வரிசையில் நின்றால் எட்டு வருஷம். கடிகாரக்காரருக்கு இப்போதே அறுபத்தெட்டு. கைக்கடிகாரம் ரிப்பேருக்கு வருவது நின்று, கடையை மூடி நாலு வருஷமாகிறது. காலையில் எழுந்து போவதற்கென்று உலகத்தில் அவருக்கு இந்த ஒரு இடம்தான் பாக்கி.

அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

"உள்ள ஏதோ இருக்கு. கம்பைப் புடுங்குது."

"நிலம் போயிட்டா பகல்ல எங்க இருப்பீங்க?"

"வீட்டுலதான்."

போன தடவை மழைக்கு அவர் நாலு நாள் வீட்டில் இருந்தபோது மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி மூன்றையும் கழற்றிப் பார்த்திருந்தார். அழைப்பு மணி இன்றைக்கும் யார் பல்பைப் போட்டாலும் அடிக்கிறது.

"என்ன இருந்தா என்ன" என்றாள் மனைவி. "உள்ள போங்க."

உள்ளே போகும் தைரியம் இருந்தால் அவர் ஏன் போன் போடப்போகிறார். தண்ணீரைப் பீய்ச்சி விரட்டிவிடலாம் என்று தோன்றியது. ரப்பர் குழாயை மாட்டித் திருகினார்.

"வேண்டாம் அண்ணே" என்று கண்டக்டர் ஓடி வந்தார். "கோபம் வந்துரும்."

"யாருக்கு?"

"அதுக்குத்தான்."

தண்ணீர் போய் விழுந்த இடத்திலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. கடிகாரக்காரர் குழாயைப் போட்டுவிட்டு நாலடி பின்னால் வந்தார். உறுமல் நின்றது. பிறகு ஒரு தும்மல்.

"தும்முது" என்றார் கடிகாரக்காரர்.

"பன்னிதான் அண்ணே. காட்டுப் பன்னிக்கு ஜலதோஷம் சீக்கிரம் புடிக்கும்."

"அப்ப பாம்பு இல்லையா?"

"பாம்பும் இருக்கலாம். நமக்கென்ன தெரியும்."

குழாயை மூடாமலே விட்டதால் பாதையெல்லாம் சேறாகிவிட்டது. இப்போது ஓட நேர்ந்தால் வழுக்கி விழுந்துதான் சாக வேண்டும். மணி பத்தரை. புகை போடலாம் என்று முடிவு செய்தார். சருகைக் கூட்டி, மேலே பச்சை இலையைப் போட்டு, காற்று அடிக்கும் பக்கமாகப் பற்றவைத்தார். புகை அவர் நினைத்தபடி உள்ளே போனது. உறுமல் மறுபடி கேட்டது. ஆனால் இந்தத் தடவை அதில் ஒரு கெஞ்சல் கலந்திருந்தது. அடிபட்ட மிருகம்தான் மேலே பாயும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து, கடிகாரக்காரர் இன்னும் இரண்டடி பின்வாங்கினார்.

கண்டக்டர் ஓடிப்போய்ச் செருப்புக்காலால் நெருப்பை மிதித்தார்.

"என்ன அண்ணே இப்படிப் பண்றீங்க. அதுக்கு மூச்சு முட்டப் போகுது."

"அதுக்குத்தானே போட்டேன்."

"பாவம், அதுவும் ஒரு உயிரு. ஒரு குடும்பம் இருக்கும்."

இன்னும் நாலு இருக்குமோ என்று கடிகாரக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே போவதற்கும் வருவதற்கும் இருந்த ஒரே இடைவெளியில் ஒரு பழைய தகரக் கதவை இழுத்துச் சாத்தி, கம்பியால் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்தால் எதிரே செயலாளர், கையில் நோட்டுடன் நிற்கிறார். மடிப்புக் கலையாத பேண்ட். முழங்கால் இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

"எதுக்குக் கதவு?"

"காத்து" என்றார் கடிகாரக்காரர்.

"தொறங்க."

கம்பி அவிழ இரண்டு நிமிஷம் ஆயிற்று. செயலாளர் களையை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. சட்டம் சட்டம்தான் என்பதுபோல் பேண்டைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதர் உள்ளே போவார், பன்னி குத்திவிடும். பன்னி குத்திய செயலாளர் யார் நிலத்தையும் பறிக்கப்போவதில்லை. இந்த நினைப்பு கடிகாரக்காரருக்கு வந்தது. வரவில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அந்தக் காலில் இருந்த கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார். சின்ன ஷூ, பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற அளவு.

"போகாதீங்க சார்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "உள்ள மிருகம் இருக்கு. நிலத்தை வேணா எடுத்துக்குங்க. காலை வைக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு உறுமல் எழுந்தது. அன்றைக்கு அதுவரை கேட்டதிலேயே பெரிய உறுமல்.

செயலாளரின் கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரக்காரரைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை, கன்னத்தில் கரி, தாடை தானாக ஆடுகிறது. பொய் சொல்லும் முகங்களைப் பதினைந்து வருஷமாகப் பார்த்தவர் அவர். இது அப்படிப்பட்ட முகமில்லை.

நோட்டைத் திறந்து எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார்: "பதினாலு. அளவெடுக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம்."

"நிலம்?"

"அளக்காத நிலத்தை எடுக்கச் சட்டத்துல இடமில்லை."

"விலங்கு இருக்கக் கூடாதுன்னு போர்டு..."

"அது நீங்க வளர்க்கற விலங்குக்கு. இது தானா வந்தது" என்ற செயலாளர், வந்ததைவிட வேகமாகப் போனார். பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்று துண்டுகளையும் பாதையில் நின்றபடியே அளந்து முடித்துவிட்டார்.

கடிகாரக்காரர் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தார். நிலம் தப்பிவிட்டது. ஆனால் அதற்குள் காலை வைக்க முடியாது. வாழ்நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து தன் நிலத்தைத் தானே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"இதை விட்டுவைக்கக் கூடாது" என்று போனை எடுத்தார். "வனத்துறைக்குச் சொல்லி, துப்பாக்கியோட வரச் சொல்றேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார் கண்டக்டர்.

வெண்டைச் செடிகள் விலகின. உடம்பெல்லாம் நனைந்து, முகமெல்லாம் கரி பிடித்து, காதில் ஒரு பூசணிப் பூவுடன் கண்டக்டரின் மருமகன் வெளியே வந்து மாமனாரை முறைத்தான்.

"மாமா, போன வருஷம் உங்க துண்டுக்காக நான் உறுமினப்ப ஒருத்தரும் தண்ணி பீய்ச்சல, புகை போடல, இவரு நிலத்தைக் காப்பாத்த வந்த என்னை இவரே சுடச் சொல்றாரு, அடுத்த வருஷத்துக்கு வேற மிருகம் பாத்துக்குங்க."