தோல்வி காணாத காரும் நான்கு வயர்களும்

2024ஆம் ஆண்டு ஜூலை 12, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கடற்காற்று இன்னும் வந்துசேரவில்லை. மயிலாப்பூர் முழுவதும் வியர்த்திருந்தது. அந்த வேளையில், லஸ் முனைக்கு அருகேயுள்ள ஓர் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், உலக மோட்டார் பந்தய வரலாற்றின் தலைசிறந்த கூட்டங்களுள் ஒன்று தொடங்கியது.

இதை மிகையென்று எண்ணுவோர் ஓர் உண்மையைக் கருதவேண்டும். பந்தயக் கார் வைத்திருக்கும் மன்றங்கள் உலகில் பல. அவற்றுள் வென்றவை சில. தோற்றவை மிகப் பல. தோன்றிய நாள் முதல் ஒரு பந்தயத்தில்கூடத் தோற்காத மன்றம் எங்கள் 'தென்சென்னை விரைவூர்தி அன்பர் மன்றம்' ஒன்றே. பதினோரு ஆண்டுகளாக இப்பெருமையைக் காத்துவருகிறோம். அதன் செயலாளன் என்ற முறையில், நடந்தவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன்.

மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு கார் உண்டு. சிவப்பு நிறம், இரண்டு கதவுகள், நான்கு சிலிண்டர்கள். அமெரிக்காவில் குடியேறிய அன்பர் ஒருவர், வாங்க ஆள் கிடைக்காததால், எங்களுக்கு மனமுவந்து நன்கொடையாக அளித்தது. அது 'செயல்திறன் மிக்க' கார் என்று அவரே சொல்லிவிட்டுச் சென்றார். சந்தேகிக்க எங்களிடம் ஆதாரம் இல்லை. அதை நாங்கள் அதிகம் ஓட்டியதில்லை.

அந்தக் கார் உறைபோர்த்தி ஓய்வுகொள்ளும் இடம் தலைவர் சுப்பராமனுடையது. காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வாழ்நாளில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர்; ஆகவே வேகத்தைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிப் பேசக்கூடியவர். துணைத்தலைவர் விசாலாக்ஷி அடையாறிலிருந்து ஆட்டோவில் வருபவர். பொருளாளர் ராஜரத்தினம் தியாகராய நகர்வாசி. ஆடித் தள்ளுபடியில் வாங்காத சட்டை அணிந்து அவரை எவரும் கண்டதில்லை. என்னையும் சேர்த்தால் செயற்குழு நிறைவுபெறுகிறது.

மன்றத்தில் காரை ஓட்டத் தெரிந்த ஒரே உறுப்பினர் ஸ்நேஹா. அதனால் அவர் செயற்குழுவில் இல்லை.

அன்று அவர்தான் கோரிக்கையை முன்வைத்தார்.

"மாமா, வண்டி ஒரே இருமல். கொஞ்சம் வேகம் எடுத்தா திக்கறது. பிளக் வயர் நாலும் போயிடுத்து. எஞ்சினுக்குள்ள பொறி சரியா விழமாட்டேங்கறது. புதுசு போட்டா சரியாயிடும்."

"அவசரமோ?" என்றார் தலைவர்.

"இருபத்தெட்டாம் தேதி புதுமுகங்களுக்கான பந்தயம். நம்ம வண்டி பேர்லதான் பதிஞ்சிருக்கேன். முப்பது வயசு முடிஞ்சா சேத்துக்க மாட்டா. ஆகஸ்ட்ல எனக்கு முடியறது. இதை விட்டா எனக்கு வேற பந்தயம் இல்லை, மாமா."

இக்கூற்று உணர்ச்சி மிகுந்திருந்தமையால், 'கார் இருமுகிறது' என்று சுருக்கிக் குறித்துக்கொண்டேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஷரீஃப், ஸ்நேஹாவின் அழைப்பின்பேரில் மூன்று வயர்த் தொகுப்புகளைக் கொண்டுவந்திருந்தார்: சிவப்பு, நீலம், மஞ்சள். அவற்றைக் காரின் மூக்கின்மீது பரப்பினார்.

"இன்னா சார், இப்டி பாக்குறீங்க? பத்து நிமிசத்துல மாட்டிக்கினு போய்க்கினே இருக்கலாம். இத்த போட்டா வண்டி பறக்கும். அப்பறம் புடிக்கிறது உங்க பொறுப்பு."

செயற்குழுவின் முகத்தில் கவலை படர்ந்தது.

"பறந்தா யார் பொறுப்பு?" என்றார் தலைவர்.

"மாமா, அவர் ஒரு பேச்சுக்குச் சொல்றார்."

"பேச்சுக்குச் சொன்னாலும் குறிப்புல ஏறிடுத்தே."

உண்மைதான். ஏற்றியவன் நான்.

அடுத்து நிறம் பற்றிய ஆய்வு. விசாலாக்ஷி மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மூன்றையும் பார்த்தார்.

"சிவப்பு வண்டிக்குச் சிவப்பு வயரா? எடுப்பாவே இருக்காது. நீலம் வெச்சுப் பாருங்கோ."

"மாமி, அது பானெட்டுக்கு உள்ள இருக்கும். யாரும் பாக்கப் போறதில்லை."

"பொடவைக்கு உள்பாவாடையக்கூடத்தான் யாரும் பாக்கறதில்லை. அதுக்காகக் கையில கெடச்சத கட்டிண்டு கல்யாணத்துக்குப் போவியோ?"

இவ்வாதமும் குறிப்பில் ஏறியது.

ராஜரத்தினம் வேறொரு கோணத்தைத் திறந்தார். "சில வயரால ரேடியோல கரகரன்னு சத்தம் வரும்னு கேள்விப்பட்டேன்."

"வண்டியில ரேடியோவே இல்லையே, அங்கிள்!"

"பக்கத்து வீட்ல இருக்கும்ல? அப்புறம் இன்னொண்ணு. இன்னும் அஞ்சு நாள்ல ஆடி பொறக்குது. ஆடிய வாசல்ல வெச்சுக்கிட்டு எவனாவது இன்னிக்குப் போய் முழு விலைக்கு வாங்குவானா?"

"ஆடியில எவனாவது புதுசா ஒண்ணு தொடங்குவானா?" என்றார் தலைவர்.

"சார், பிளக் வயருக்கெல்லாம் ஆடித் தள்ளுபடி கெடையாது," என்றார் ஷரீஃப்.

"இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்காங்களா?" என்றார் ராஜரத்தினம்.

"யாரும் கேட்டதில்ல."

"அதனாலதான் இல்ல."

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தியாகராய நகரில் ஆடிக்கு முன் எதையும் வாங்குவது அறியாமை. மயிலாப்பூரில் ஆடியில் எதையும் தொடங்குவது அபசாரம். இவ்விரு நாகரிகங்களையும் பிரிப்பவை சில தெருக்களே; ஆயினும் ஒரு பிளக் வயர் அவற்றைக் கடப்பது எளிதன்று.

வாக்கெடுப்பு நடத்தியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் மன்றத்தில் அவ்வழக்கம் இல்லை. வாக்கெடுத்தால் யாரேனும் ஒருவர் தோற்பார். தோல்வி எங்கள் மரபுக்கு ஒவ்வாதது. தீர்மானம் ஒருமனதாக இருக்கவேண்டும். நால்வரும் கையெழுத்திட வேண்டும். அதுவரை காரில் எதையும் பூட்ட எவருக்கும் உரிமை இல்லை. சாவி தலைவரிடம்.

பழைய வயர்களை அறியாமல் புதியவற்றைத் தேர்வது முறையன்று என்று நான் சுட்டிக்காட்டினேன். ஆகவே நான்கையும் கழற்றி, ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆராய்வதென முடிவாயிற்று.

ஸ்நேஹா பதறினார். "மாமா, இருக்கறதையும் கழட்டிட்டா இருமறதுகூட நின்னுடும்!"

"இருமல் நின்னா நல்லதுதானேம்மா?" என்றார் தலைவர். "ஆத்துக்கு எடுத்துண்டு போய், நிதானமா பாத்துட்டுச் சொல்றேன்."

ஆய்வுகள் முழு ஈடுபாட்டுடன் நடைபெற்றன. தலைவர் தம் பங்கு வயரைப் பூஜை அறையில் வைத்து, அதற்குக் குங்குமமும் இட்டார். ராஜரத்தினம் தம்முடையதைக் காலை வானொலிக் கச்சேரி நேரத்தில் பெட்டியின் அருகே பிடித்துப் பார்த்தார். பின்னர் சவரத் தகட்டால் குறுக்கே வெட்டி, உள்ளே மின்சாரம் செல்ல வழி இருப்பதைக் கண்டறிந்தார். நான் என்னுடையதன் நீளம், நிறம், மணம் ஆகியவற்றைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதினேன். மணம் பற்றிய பத்தி சிறப்பாக அமைந்தது.

இடையே ஸ்நேஹா ஒவ்வொரு வீடாக வந்துபோனார். அடையாறுக்கு அவர் சென்றபோது விசாலாக்ஷியின் கூடத்தில் திரைச்சீலை ஓரமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது மூன்றாம் சிலிண்டரின் வயர்.

"மாமி, இது என்ன?"

"ஆராய்ச்சிடி. கறுப்பு இந்த ரூமுக்குப் பொருந்தறது பாத்தியா? அப்போ வண்டிக்கு நீலம்தான்னு நிச்சயமாயிடுத்து."

ஷரீஃப் எனக்குத் தொலைபேசினார். "சார், ரெண்டு வாரத்துல பாதி முடிஞ்சி போச்சி. அந்தப் பொண்ணு டெய்லி கடைக்கு வந்து வயரத் தொட்டுப் பாத்துட்டுப் போவுது. ஏதுனா ஒரு கலரு சொல்லேன் நைனா!"

நைனா என்ற விளி முறைசாராதது என்பதை அவருக்கு உணர்த்தினேன்.

பந்தய நாளான ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. வானம் மூட்டம். ஸ்நேஹா பந்தய உடையில், தலைக்கவசத்தைக் கையில் ஏந்தி, காரின் அருகே நின்றிருந்தார். காரை ஏற்றிச் செல்ல ஒரு சிறு லாரி தெருவில் காத்திருந்தது. ஷரீஃப் மூன்று நிறங்களையும் தோளில் மாலைபோல் போட்டிருந்தார். செயற்குழு முழு அளவில் கூடியிருந்தது. இவ்வளவு அதிகாலையில் நாங்கள் கூடியது அதுவே முதல் முறை. இதை ஸ்நேஹா பாராட்டியதாகத் தெரியவில்லை.

"மாமா, எட்டரைக்கு கேட்டைச் சாத்திடுவா. ஏழு மணிக்காவது கெளம்பணும்."

"இன்னிக்கு அஷ்டமி. கையெழுத்துப் போடலாமான்னுதான் யோஜனை பண்ணிண்டிருக்கேன்."

ஷரீஃப் பொறுமை இழந்தார். "ம்மா, நீ இன்னாத்துக்குக் கெஞ்சிக்கினு கீற? சார், காசே வாணாம். சும்மாவே குடுக்கறேன். மாட்டிக்கினு போவட்டும்!"

இந்தத் தாராளம் எங்களைச் சங்கடத்தில் ஆழ்த்தியது.

"இலவசம்னா தள்ளுபடி எத்தனை சதவீதம்னு எப்படிக் காட்டறது?" என்றார் ராஜரத்தினம்.

"ஓசியில வந்தாலும் புதுசு புதுசுதானே. ஆடியில மாட்டப்படாது," என்றார் தலைவர்.

ஸ்நேஹா ஷரீஃபின் தோளிலிருந்த வயர்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பழசையாவது குடுங்கோ. இருமிண்டே ஓட்டறேன். கடைசியா வந்தாலும் பரவாயில்லை. ஒரு தடவை ஓட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

கோரிக்கை நியாயமானதாக இருந்ததால் உடனே ஏற்றோம். தலைவர் குங்குமப் பொட்டுடன் தம் வயரை அளித்தார். நான் என்னுடையதை உறையிலிட்டு அளித்தேன். ராஜரத்தினம் தம்முடையதை இரண்டு துண்டுகளாக அளித்தார். விசாலாக்ஷியின் வயர் அடையாறில் திரைச்சீலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வயர்களை வைத்துக்கொண்டு நான்கு சிலிண்டர் காரைப் பந்தயத்துக்கு அனுப்ப முடியாது என்று ஷரீஃப் கூறினார். அவர் உறுப்பினர் அல்லர் என்பதால் அக்கருத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. கார் மட்டும் ஏற்றுக்கொண்டது.

இந்த நெருக்கடியில்தான் நான் முந்தைய நாள் முழுவதும் செதுக்கிய வரைவை எடுத்து வாசித்தேன்:

"நீல நிற வயர்களே பொருத்தமானவை. இம்முடிவு ஆனி மாதத்திலேயே எடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். வயர்கள் ஆடியில், தள்ளுபடி கிடைக்கும் கடையில் வாங்கப்படும். ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் காரில் பூட்டப்படும்."

மயிலாப்பூர் மகிழ்ந்தது. தியாகராய நகர் மகிழ்ந்தது. நிறம் பற்றிய தன் கருத்து வென்றதில் அடையாறும் மகிழ்ந்தது. இத்தீர்மானத்தால் பாதிக்கப்படுவோர் எவரும் செயற்குழுவில் இல்லை. தலைவர் ஆனி மாதத் தேதியிட்டு, அஷ்டமியை ஏமாற்றிக் கையெழுத்திட்டார். மற்றவர்களும் இட்டோம். லாரி ஓட்டுநர் ஒருமுறை ஒலியெழுப்பினார். பிறகு வெறும் வண்டியைக் கிளப்பிச் சென்றார்.

ஸ்நேஹா தலைக்கவசத்தைக் காரின் மேல் வைத்தார். தலைவருக்கு மனம் இளகியது.

"எதுக்கும்மா மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்கே? பதினோரு வருஷத்துல நாம ஒரு பந்தயத்துலயாவது தோத்திருக்கோமா?"

"தோக்கறதுக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணணும், மாமா."

ஸ்நேஹா கையை நீட்டினார். நால்வரும் கையெழுத்திட்ட தீர்மானத்தை முறைப்படி அவரிடம் ஒப்படைத்தேன். அவர் சொன்னதில் ஏதேனும் பிழை உண்டா என்று பலமுறை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.