தூணைப் பிடித்த மாப்பிள்ளை

மேலப்பாளையம்.

அன்பும் மதிப்பும் நிறைந்த மூத்த மாப்பிள்ளை ஜீஷான் அவர்களுக்கு, மாமா அகமது மீரான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமியும் மாடியில் உள்ள நான்கு தூண்களும் அல்லாஹ்வின் கிருபையால் நிமிர்ந்து நிற்கிறோம். தம்மாமில் தாங்களும் என் மகள் ரைஹானத்தும் அவ்வாறே நிற்க துஆச் செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

இளையவள் மைதீன் பாத்திமாவின் நிக்காஹ் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதுதான் விஷயம். மொட்டை மாடியில் இரும்புக் கொட்டகை போடும்போது நீங்கள் படம் வரைந்து அனுப்பி, "மாமா, மெலிஞ்ச தூணு பாரத்துல நசுங்காது, நடுவுல வயிறு தள்ளி வளைஞ்சிரும். உயரம் ரெட்டிப்பானா தாங்குற பலம் நாலுல ஒரு பங்காயிரும். தூணுக்குத் தூணு குறுக்குக் கம்பி போடுங்க. சும்மா கிடக்க மாதிரி தெரியும், கழட்டிராதீங்க" என்றீர்கள். போட்டேன் மாப்பிள்ளை, சத்தியமா போட்டேன். ஆனா நம்ம ஊர் விருந்துன்னா சஹன்லா? அஞ்சு பேருக்கு ஒரு தாம்பாளம், அதை வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்தித்தான் உள்ள கொண்டு போவணும். அந்தக் கம்பி சரியா நெஞ்சு உயரத்துல குறுக்க நிக்கி. பக்கத்து வீட்டு அசன் மைதீன் பாத்துட்டு, "என்னவே மீரான், சம்பந்தக்காரங்களைத் தோப்புக்கரணம் போட வைக்கப் போறீரா?"ன்னாரு. எனக்கு ரோசம் வந்துட்டு. ஒரு நாளைக்குத்தானேன்னு எல்லாக் கம்பியையும் கழட்டிச் சாத்திட்டேன். கை கழுவ தண்ணி வேகமா வரட்டும்னு தொட்டியை வேற கொட்டகை மேல ஏத்தி நிரப்பியிருந்தேன். அதை உங்ககிட்ட சொல்லலை.

நிக்காஹ் ஓதி வைக்க ஹஜ்ரத் வந்து உக்காந்தாச்சு. நான் புது மாப்பிள்ளை சேக் முகம்மது கையைப் பிடிச்சிட்டு இருக்கேன். ஆடிக் காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க, மேல 'ங்கிர்ர்'னு சத்தம். பாத்தா வடமேற்கு மூலைத் தூணு, நீங்க படத்துல போட்ட அதே வளைவு! அச்சு அசல்! பயத்தை விட ஆச்சரியந்தான் முதல்ல வந்துச்சு, "ஏ, எங்க மூத்த மாப்பிள்ளை சொன்னதுல்லா இது!"ன்னு கத்திட்டேன். சம்பந்தி எந்திச்சு, "இந்தக் கூரைக்குக் கீழ கல்யாணமே வேண்டாம், லே சேக்கு, வேனை எடுக்கச் சொல்லு"ன்னுட்டாரு. உங்க மாமி படிக்கட்டுல நின்னு அழுதா. கீழ பிள்ளை மருதாணிக் கையோட காத்திருக்கா.

அப்ப அந்தப் பையன் செஞ்சதைக் கேளுங்க. எந்திச்சாரு, வேனுக்குப் போகலை, நேரா தூணுக்குப் போயி வயிறு தள்ளுன இடத்துல தோளைக் குடுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "வாப்பா, பெரியவங்க முதல்ல இறங்கட்டும், பொறவு பேசுவோம்"ன்னாரு. அவர் கூட்டாளிமாரு மத்த மூணு தூணையும் பிடிச்சாவ. நான் குழாயெல்லாம் திறந்துவிட்டேன், மாடி பூரா வெள்ளக்காடு. தண்ணி குறையக் குறைய தூணும் பைய நிமிருது, கம்பியை மாட்ட ஆளு ஓடுதாவ. ஹஜ்ரத் தண்ணியில நின்னுக்கிட்டே, "லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு, மாப்பிள்ளை அங்கனயே நிக்கட்டும்"ன்னாவ. ஒரு கை தூண்ல, ஒரு கை என் கையில, 'கபூல்'னு சம்மதம் சொல்லிட்டாரு மாப்பிள்ளை! சம்பந்திக்குக் கண்ணு கலங்கிட்டு. "தூணையே விடலை, உம்ம மகளையா விடப் போறான்"னு என்னைக் கட்டிப் பிடிச்சாரு. நானும் அழுதுட்டேன்.

இப்போது தொட்டியை இறக்கியாச்சு, அந்தத் தூணை மாத்தியாச்சு, கம்பியெல்லாம் போல்ட் போட்டு முறுக்கியாச்சு. இனி அதைத் தொடுறவன் கையை ஒடிப்பேன். தங்கள் சொல்லே இவ்வீட்டில் சட்டம். தங்கள் இருவர் ஆயுளிலும் சம்பளத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
இனி ஒரு திருகாணியைக்கூடத் தொடாத மாமா,
அகமது மீரான்.

பி.கு: உறையை ஒட்டப் போகையில அசன் மைதீன் வந்தாரு. அவர் மகன் நிக்காஹ் அடுத்த மாசம் நம்ம மாடியிலதான், சரின்னுட்டேன். கம்பி இருந்தா சஹன் போகாதுல்லா? அதனால தூணுக்கு ஒரு ஆளா ஏற்பாடு பண்ணியாச்சு. சேக் முகம்மது பழகுன கைன்னு உடனே ஒத்துக்கிட்டாரு. நீங்களும் லீவுல வாறீங்கன்னு சொல்லியிருக்கேன். வடமேற்கு மூலை உங்களுக்குத்தான். வெள்ளைச் சட்டை போடாதீங்க, நிக்காஹுக்கு முந்தின நாளுதான் தூணுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம்.